ஒசேதாவின் சாவி

செப்டம்பர் 12, வியாழன்

ஸ்பெயின்காரர் வந்து இறங்கிவிட்டார். பெயர் எமிலியோ ஒசேதா. அறுபத்தொரு வயது. விமான நிலையத்தில் மாலை போட ஒரு ஆள் வேண்டுமென்று கிளப்பிலிருந்து போன் வந்தது. இந்தக் கால்பந்து கிளப்பின் சிறுவர் அணியிலிருந்து பெரிய அணி வரை பதினோரு வருடம் பயிற்சி கொடுத்தவனுக்கு மாலை போடும் வேலை. போட்டேன். காரில் ஏறும்போது மாலை கதவில் சிக்கி அறுந்தது. மனிதர் குனிந்து உதிர்ந்த சம்பங்கியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடிப்பாகத்தான் இருக்கும்.

முதலாளி கமலக்கண்ணன் போன மே மாதம் என்னைத் தோளில் தட்டி, "எட்வின், அடுத்த சீசன் நீங்கதான் ஹெட் கோச். மனசுல வச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன். ஜூலையில் அவர் குடும்பத்தோடு ஐரோப்பா போய் வந்தார். ஆகஸ்டில் எனக்கு உதவிப் பயிற்சியாளர் என்று புதுப் பெயர். நான் எம்.ஏ. வரலாறு. பயிற்சியாளர் உரிமத் தேர்வில் என்னோடு எழுதிய இரண்டு பேர் இன்று வடகிழக்கில் பெரிய அணிகளை நடத்துகிறார்கள். அவர்கள் ஊரில் வெள்ளைத் தோலைப் பார்த்து யாரும் டிக்கெட் வாங்குவதில்லை போலிருக்கிறது.

வீட்டு மோட்டார் இன்னும் சரியாகவில்லை. மனைவி ரோஸ்லின் கீழ்வீட்டிலிருந்து இரண்டு குடம் வாங்கி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 16, திங்கள்

முதல் நாள் பயிற்சி. அவருடைய ஆங்கிலத்தைவிட அவர் கைகள் தெளிவாகப் பேசுகின்றன. கைக்கும் வாய்க்கும் நடுவில் கிடைப்பதைப் பொறுக்கி நான் பையன்களுக்குத் தமிழில் சொல்கிறேன். அவர் ஒரு நிமிடம் பேசியதை நான் மூன்றே வார்த்தையில் முடித்தால் பையன்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார்.

அவருக்கென்று ஒதுக்கிய அறை மைதானத்துக்குப் பின்னால், பழைய ஸ்டோர் ரூம். சாவியைக் கேட்டு வாங்கி, ஷூ லேஸ் ஒன்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கலாமே என்றேன். வேண்டாமென்று தலையாட்டினார். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஓட்டைக் காற்றாடி உள்ள அறைக்கு இவ்வளவு பாதுகாப்பு.

லீக் விதிகளை விளக்கினேன். எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பதிவு செய்தாலும் மைதானத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவது ஆள் ஒரு நொடி நின்றாலும் ஆட்டம் எதிரணிக்கு. எங்களிடம் ஐந்து பேர். ஒரு பிரேசில்காரன், ஒரு ஸ்பெயின்காரன், கானாவிலிருந்து இரண்டு பேர், ஐந்தாவதாகக் கஜீபன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் நிறுத்தினார். கஜீபன் யாழ்ப்பாணத்துப் பையன், இலங்கை பாஸ்போர்ட், லீக் கணக்கில் வெளிநாட்டவன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவன் உங்களோடு உட்காருகிறான், உங்கள் சோற்றைக் கையால் சாப்பிடுகிறான், உங்கள் மொழியில் கெட்ட வார்த்தை பேசுகிறான், இவன் எப்படி வெளிநாட்டவன் என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்குச் சம்பளமில்லை.

கடைசியில் என் நெஞ்சில் விரல் வைத்துச் சொன்னார்: "கணக்கு உன்னுடையது. ஆட்டம் என்னுடையது."

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் ஆட்டம். 1-1.

ஆளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் பெஞ்ச் பக்கம் திரும்பி எனக்கு மூன்று விரலைக் காட்டுகிறார். இவன் இறங்கினாலும் வெளிநாட்டார் மூன்று பேர்தானே என்று கேள்வி. நான் எண்ணிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பிறகுதான் மாற்றுச் சீட்டை நான் எழுதி, மைதான ஓரத்தில் நிற்கும் நான்காவது நடுவரிடம் கொடுப்பேன். பி.எட். கூட முடித்த மனிதனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் உத்தியோகம்.

பெஞ்சில் தில்லிபாபுவுக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் வியாசர்பாடிப் பையன், இரண்டாவது கோல்கீப்பர், முப்பத்தாறு வயதாகியும் பேச்சு குறையவில்லை. அவர் விரலைக் காட்டினால் இவன் பக்கத்திலிருந்து, "மூணு இட்லி ஒரு வடை" என்று ஆர்டர் எடுக்கிறான்.

அக்டோபர் 19, சனி

தோல்வி. மழை. ஷூவைக் காயவைக்க இடமில்லை.

நவம்பர் 14, வியாழன்

ரோஸ்லின் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கிளப் கொடுத்த ஃப்ளாட்டில் அவர் பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டுகிறார் என்று பயிற்சி பார்க்க வந்த அன்று தெரிந்துகொண்டாளாம். நெத்திலி வறுத்தாள். மனிதர் தலையோடு தின்றார். எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றார். கடல் இருக்கிற ஊர்க்காரன் எல்லாம் ஒன்று என்று ரோஸ்லின் தமிழில் சொன்னதற்கு, புரிந்தது போல எழுந்து நின்று தலை வணங்கினார். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

சாப்பிட்ட பிறகு தன் கதையைச் சொன்னார். நான் ரோஸ்லினுக்கு மொழிபெயர்த்தேன். என் வீட்டிலும் அதே வேலை.

அஸ்தூரியாஸ் என்ற பகுதியில் நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பாவும் அண்ணனும் சுரங்கத்துக்குள் போனார்கள். இவர் உயரமாக இருந்ததால் தப்பித்தார். உயரமானவனுக்குச் சுரங்கத்தில் முதுகு போய்விடும், மைதானத்தில் தடுப்பாட்டக்காரன், ஸ்டாப்பர் ஆகலாம். இருபத்திரண்டு வயதில் முதல் டிவிஷனில் ஒரு சின்னக் கடற்கரை ஊரின் அணிக்கு ஆடினார். நான்கு வருடம். நான்காவது வருடத்தின் கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், அந்த ஊர் முதல் டிவிஷனில் நிற்கும். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். எல்லாரையும்விட உயரமாக எம்பியது இவர்தான். தலையில் பட்ட பந்து தன் கோலுக்குள்ளேயே போனது. அணி கீழே இறங்கியது. மறுநாளிலிருந்து அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரி இவருக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டியைக் கொடுத்தாளாம். இவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் அங்கேயே இருந்தாராம்.

முப்பத்தொன்றில் முழங்கால் போயிற்று. பிறகு பயிற்சியாளர். மூன்றாம் டிவிஷன் அணி ஒன்றை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். ஏற்றிய மறு வருடம் பிப்ரவரியில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிளப்பில் டிசம்பரில். அதற்கடுத்ததில் இவர் இடத்துக்கு முதலாளியின் மருமகன் வந்தான். கிரீஸ், சைப்ரஸ், குவைத், தாய்லாந்து. மனைவி ஐந்தாவது கிளப்போடு நின்றுவிட்டாள், அதற்கு மேல் கூட வரவில்லை. சொல்லும்போது கடைசி நெத்திலியை எடுக்கலாமா என்று ரோஸ்லினிடம் கண்ணால் கேட்டு எடுத்துக்கொண்டார்.

ஒரு கிளப்பிலிருந்துகூட சீசனை முடித்துவிட்டுக் கிளம்பியதில்லையாம். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒருவன் வந்து, அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போ என்பான். எல்லா ஊர் வாட்ச்மேனும் தன்னை இரக்கத்தோடு பார்ப்பான் என்றார். கோப்பை வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். ஒரே ஒரு தடவை கடைசி ஆட்டம் முடிந்து, முதலாளிக்குக் கை கொடுத்து, சாவியைத் தானே மேசையில் வைத்து, முடிந்தது, நன்றி என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போக வேண்டும். இதுதான் கடைசி வேலை. இதற்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கழுத்தில் ஷூ லேஸ் ஏன் என்று அப்போது விளங்கியது.

போன பிறகு ரோஸ்லின் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பாவம்ங்க" என்றாள். எட்டு கிளப் கிடைத்தவன் பாவம். ஒன்றும் கிடைக்காதவன் புருஷன்.

டிசம்பர் 25, புதன்

கோயில் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் கேக். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ போன் போட்டார். தொண்ணூறு வயது. திரையில் மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. அம்மா முதலில் ஏதோ கேட்டாள், இவர் இல்லை இல்லை என்று விரலை ஆட்டினார். என்ன கேட்டாள் என்று ரோஸ்லின் விசாரித்தாள். துரத்திவிட்டார்களா என்று கேட்டாளாம். எப்போது பேசினாலும் முதல் கேள்வி அதுதானாம்.

அம்மாவுக்கு என்னைக் காட்டினார். ஸ்பானிஷில் நீளமாக எதையோ சொல்லி என் தோளைப் பிடித்து உலுக்கினார். அம்மா கையைத் தூக்கி என்னை ஆசீர்வதித்தாள். சமையல்காரன் என்று சொல்லியிருப்பார்.

ஜனவரி 19, ஞாயிறு

2-0. இரண்டு கோலும் கார்னரிலிருந்து. இரண்டு கார்னரும் என்னுடையவை. பிரேசில்காரனை முதல் கோல் கம்பத்துக்கு ஓடவிட்டு, கஜீபனைப் பின்னால் தனியாக நிறுத்துவது. மூன்று வாரம் தினமும் மாலையில் நான் நின்று பழக்கியது.

டி.வி.யில் "ஸ்பானிஷ் மூளை" என்றார்கள். பத்திரிகையில் நாளை அதேதான் வரும். பத்திரிகையாளர் கூட்டத்தில் கார்னர் பற்றிக் கேட்டபோது அவர் என்னைக் கை காட்டினார் என்று தில்லிபாபு சொல்கிறான். மூன்று தடவை என் பெயரைச் சொன்னாராம், ஒரு நிருபரும் எழுதிக்கொள்ளவில்லையாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் பாதியில் ஒரு கானா பையனை இறக்கப் பார்த்தார். மூன்று விரல். நான் வேண்டாமென்று கையை வீசினேன். கஜீபனை மறுபடி மறந்திருந்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டம் முடிந்து எல்லார் முன்னாலும் கஜீபனைக் கட்டிப்பிடித்து, உன்னை எண்ணவே எனக்கு மனம் வரவில்லை என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் பையன்கள் கஜீபனை, "டேய் ஃபாரினரு, பாஸ்போர்ட் எடு" என்று ஓட்டினார்கள். அவனும், "ஓமோம், உங்களுக்கு விசா தாறன்" என்று எழுந்து நின்று கை கொடுத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தோல்வி. வரிசையாக மூன்றாவது. முதலாளி என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் பழரசம் வந்தது. பெரியவர் கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரிகிறாரே என்றார். நானாக எதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஆட்டக்காரர்கள் பெயர் சில சமயம் மறக்கிறது என்றேன். அது உண்மைதானே. கஜீபனை மறப்பதைச் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்: "நடுவுல ஏதாவது ஆச்சுன்னா நீங்க பாத்துக்குவீங்களா?"

கிளப் என்ன சொன்னாலும் செய்வேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

"ஆனா காரணம் வேணும் எட்வின். சும்மா அனுப்புனா மிச்ச காண்ட்ராக்ட்டுக்குக் கோர்ட்டுக்குப் போவாங்க இந்த ஆளுங்க."

திரும்பி வரும் வழியில் வியாசர்பாடி பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. இருபத்திமூன்று வயதில் மாநில அணிக்குத் தேர்வாகி, பட்டியல் ஒட்டிய அன்று என் பெயர் இருந்த இடத்தில் கால்பந்து சங்கச் செயலாளரின் தம்பி மகன் பெயரைப் பார்த்தது இந்தப் பாலத்தின் கீழே உள்ள டீக்கடையில்தான். அந்தக் கடை இப்போது இல்லை. செல்போன் கவர் விற்கிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

டிரா. கேஸ் புக் பண்ண வேண்டும்.

மார்ச் 8, சனி

2-1. ஜெயித்தோம். இந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி மூன்றில் ஒன்றை ஜெயித்தால் லீக்கில் நிலைக்கலாம் என்று இருந்தது. இனிக் கவலையில்லை.

விவரமாக எழுதுகிறேன். எண்பதாவது நிமிடம்வரை 1-1. கூட்டம் அதிகம். மேளம். அவர் வலது விங்கில் ஆடிய நம்ம பையன் பிரவீனை எடுத்துவிட்டுக் கானா பையன் க்வாமேயை இறக்கச் சொன்னார். நான் சீட்டு எழுதினேன். நான்காவது நடுவர் வாங்கிப் பார்த்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பது அவர் வேலை. க்வாமே இறங்கினான், கோல் அடித்தான். ஒசேதா ஓடி வந்து என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டார். அவர் கழுத்துச் சாவி என் கன்னத்தில் குத்தியது. இன்னும் சிவந்திருக்கிறது.

உள்ளே ஏற்கெனவே பிரேசில்காரன், ஸ்பெயின்காரன், கஜீபன் இருந்தார்கள்.

அவர் விரலைக் காட்டினாரா என்று எனக்கு நினைவில்லை. மேளச் சத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

எதிரணி புகார் கொடுத்துவிட்டது.

மார்ச் 12, புதன்

ஒழுங்குக் குழுவின் விசாரணை. கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர். கிளப் அறையில் ஒசேதா நடுவில், இந்தப் பக்கம் கிளப் மேனேஜர், அந்தப் பக்கம் நான். மைதானத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்ததை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். மாற்றுச் சீட்டில் உங்கள் உதவியாளரின் கையெழுத்து இருக்கிறதே, அவர் ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தே சொன்னார்: "அவர் எழுதுபவர். எண்ணுவது என் வேலை. நான் தவறாக எண்ணினேன்."

குழுவில் ஒருவருக்கு அவருடைய ஆங்கிலம் விளங்கவில்லை. என்னை விளக்கச் சொன்னார்கள். நான் விளக்கினேன். அவர் எழுதுபவர், எண்ணுவது என் வேலை, நான் தவறாக எண்ணினேன் என்று. அவர் சொன்னது அதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆட்டம் 0-3 என்று எதிரணிக்கு. நாங்கள் மறுபடி கீழே இறங்கும் இடத்தில்.

மார்ச் 13, வியாழன்

காரணம் கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கவனக்குறைவுக்கென்று ஒரு பத்தி இருக்கிறதாம். இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அனுப்பிவிட்டார்கள். நான் ஹெட் கோச். முதலாளி கை கொடுத்தார். ரோஸ்லினிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், அவர் எங்கே சாப்பிடுவார் இன்றைக்கு என்று கேட்டாள்.

மார்ச் 15, சனி

அவரை அனுப்ப கிளப்பிலிருந்து கார் வரவில்லை. கால் டாக்ஸி பிடித்து நான்தான் கூட்டிப் போனேன். ஒரே பெட்டி. வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கிண்டி தாண்டியதும் அம்மாவோடு பேசிவிட்டேன் என்றார். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாளாம். இந்தத் தடவை இல்லையம்மா, சீசன் முடிந்துவிட்டது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவள் அழுதாளாம்.

இறங்கும்போது ஷூ லேஸைக் கழுத்திலிருந்து எடுத்து என் கையில் வைத்து மூடினார். கடைசி ஆட்டம் முடிந்ததும் இதை முதலாளி மேசையில் நீ வை. ஒசேதா கொடுத்தார் என்று சொல். அப்போது நான் அம்மாவிடம் சொன்னது பொய் இல்லை என்றார்.

சரி என்றேன்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "நான் கஜீபனை எண்ண மறந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் எண்ணாமல் விட்டது உன்னை."

அவருடைய ஆங்கிலம் சில சமயம் எனக்கே சரியாகப் புரிவதில்லை.

வரும் வழியில் ரோஸ்லின் மீன் வாங்கச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

ஹெட் கோச்சாக என் முதல் பயிற்சி. பையன்கள் சொன்னதைச் செய்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கஜீபன் வந்தான். ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தான். "என்னாலதானே சேர் எல்லாம். நான் வெளிநாட்டுக்காரன் எண்டு எனக்கே மறந்து போச்சு. க்வாமே வரேக்க நான் கையைத் தூக்கியிருக்க வேணும்."

உன்மேல் தவறில்லை, போய்க் குளி என்றேன்.

"பிறகு ஆர்ட பிழை சேர்?"

அவன் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவர்தான் ஒப்புக்கொண்டாரே என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

தில்லிபாபு கையுறையை மடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டிருக்கிறான். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தான்.

"எட்வின்ண்ணா, அன்னிக்கி அந்தாளு மூணு வெரலக் காட்னாரு."

சத்தத்தில் நான் கவனிக்கவில்லை என்றேன்.

"நீ தலையாட்னியேண்ணா. நான் பக்கத்துலதான குந்தினு இருந்தேன்."

"கொசு கடிச்சுதுடா."

அவன் கையுறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். "கொசு கடிச்சா கையால அடிப்பாங்கண்ணா. தலைய ஆட்ட மாட்டாங்க."

யாரிடமாவது சொல்லப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: அந்தாளே சொல்லாததை நான் ஏன் சொல்லப் போகிறேன் என்று. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சின்ன வயதில் இவனுக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தது நான். நன்றியை யார் எண்ணுகிறார்கள்.

மார்ச் 22, சனி

0-0. யாரையும் மாற்றவில்லை. ஆடிய பதினொரு பேரும் நன்றாகத்தான் ஆடினார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

கடைசி ஆட்டம். கீழே இருந்த மற்ற அணிகளும் தோற்றதால் டிரா செய்தால் போதும் என்று இருந்தது.

அறுபதாவது நிமிடத்தில் கஜீபனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டினான். பெஞ்சைப் பார்த்துக் கையைச் சுழற்றினான், மாற்றச் சொல்லி. அவனை எடுத்தால் பதிலுக்கு யாரை இறக்கினாலும் தவறில்லை. வெளிநாட்டுக் கணக்கில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்று. எழுந்து பெஞ்ச் பக்கம் திரும்பினேன். திரும்பியபோதுதான் என் வலது கையில் மூன்று விரல் தூக்கியிருப்பதைப் பார்த்தேன்.

பெஞ்சில் எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தில்லிபாபு மட்டும் என்னைப் பார்த்தான். அவன் தலையாட்டினான். ஆமாம் மூன்றுதான், மாற்று என்று. உண்மையாகத்தான் ஆட்டினான், எனக்குத் தெரியும். மூன்று என்று நானே இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.

நான் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கஜீபன் இன்னும் இரண்டு தடவை கையைச் சுழற்றினான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவன் காவல் காக்க வேண்டிய ஆள் அவனைத் தாண்டி ஓடினான். இவன் ஒற்றைக் காலில் துரத்தினான். 0-1. அணி கீழே இறங்கியது. கஜீபன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிரவீன் போய் அவனைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தான்.

உடை மாற்றும் அறையில் நான் பேச வேண்டிய நேரம். மொழிபெயர்க்க யாருடைய வார்த்தையும் இல்லை. எல்லாரும் போகலாம் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

முதலாளி அலுவலகம். கை கொடுக்கவில்லை; போனில் இருந்தார். அடுத்த சீசனுக்குப் போர்ச்சுக்கலில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதாகக் கிளப் மேனேஜர் சொன்னான். உங்களுக்குச் சிறுவர் அணி இருக்கிறதே சார் என்றும் சொன்னான். நல்ல பையன், ஆறுதலாகத்தான் சொன்னான்.

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒசேதா கொடுத்தார் என்றேன். மேனேஜர் அதைத் திருப்பிப் பார்த்தான். எந்த அறை என்றான். பின்னால் இருக்கும் பழைய ஸ்டோர் ரூம் என்றேன்.

"அதுக்கா? அவர் போன அன்னிக்கே பூட்டை மாத்திட்டோம் சார். இது சும்மா. நீங்களே வச்சுக்கங்க."

ஷூ லேஸோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து ஸ்டோர் ரூம் பக்கம் போய்ப் பார்த்தேன். புதுப் பூட்டு, பித்தளை. என் சாவி அதற்குள் நுழையக்கூட இல்லை.

ஏப்ரல் 2, புதன்

காலையில் அவரிடமிருந்து குரல் செய்தி. பின்னணியில் பாத்திரச் சத்தமும் ஒரு கிழவி இருமுவதும் கேட்டன. இணையத்தில் ஆட்டத்தைப் பார்த்தாராம். எட்டாம் நம்பர் முக்கால் மணி நேரம் நொண்டினானே, எட்வின், ஏன் ஆளை மாற்றவில்லை, உள்ளே மூன்று பேர்தானே இருந்தார்கள், நான் எண்ணினேன் என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு பயிற்சியாளர் இன்னொரு பயிற்சியாளரைக் கேட்பதுபோல் கேட்டார். முக்கால் மணி நேரம் இல்லை, அரை மணி நேரம்தான். அதைத் திருத்தலாமென்று போனை எடுத்தேன்.

இரண்டாவது செய்தி அதற்குள் வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தாயா என்று.

ரோஸ்லின் அடுப்படியிலிருந்து யார் என்று கேட்டாள். அவர்தான் என்றேன். நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள், அம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள்.

சாவி மேசையில் என் முன்னால்தான் கிடந்தது. கொடுத்துவிட்டேன், முதலாளி நன்றி சொன்னார் என்று எழுதி அனுப்பினேன்.